2009 உரும்சி கலவரச் செய்திகள் ஏன் ஒன்றுக்கொன்று இவ்வளவு முரண்பட்டன?

கதையை எங்கே தொடங்குவது என்பதில்தான் சிக்கலே. 2009 ஜூன் இறுதியில், தெற்குச் சீனாவின் ஷாவ்குவானில் ஒரு பொம்மைத் தொழிற்சாலையில் நடந்த மோதலில் உய்குர் (துருக்கிய மொழி பேசும் முஸ்லிம் சிறுபான்மையினர்) தொழிலாளர்கள் இருவர் கொல்லப்பட்டனர். அதற்கு நீதி கேட்டு ஜூலை 5 அன்று, உய்குர்களின் தாயகமான வடமேற்குச் சீனாவின் ஷின்ஜியாங் பகுதித் தலைநகர் உரும்சியில் உய்குர்கள் திரண்டார்கள். இரவுக்குள் அது கலவரமாயிற்று. அரசுக் கணக்கில் இறந்தோர் 197 பேர், பெரும்பாலோர் சீனாவின் பெரும்பான்மை இனத்தவரான ஹான் சீனர்கள். அரசு ஊடகங்கள் இந்த வன்முறையிலிருந்து தொடங்கின. புலம்பெயர் உய்குர் அமைப்புகள் ஷாவ்குவானிலிருந்து தொடங்கின.

2008 கலவரத்தின்போது திபெத்தை வெளிநாட்டு நிருபர்களுக்கு மூடிய பெய்ஜிங், இம்முறை வெளிநாட்டு நிருபர்களைத் தானே அழைத்துச் சென்று காட்டியது. ஜூலை 7 அன்று, அந்தச் சுற்றுலாவுக்கு (வேறென்ன சொல்வது?) நடுவிலேயே உய்குர் பெண்கள் தெருவில் இறங்கி, பிடித்துச் செல்லப்பட்ட தங்கள் ஆண்கள் எங்கே என்று கதறினார்கள். கேமராக்கள் அதையும் பதிவு செய்தன.

மறுபக்கமும் சுத்தமில்லை. உய்குர் தலைவர் ரெபியா கதீர் அல் ஜசீராவில் உய்குர்கள் மீதான ஒடுக்குமுறைக்கு ஆதாரமாகக் காட்டிய புகைப்படம், ஹூபே மாகாணத்து ஷீஷோவில் நடந்த வேறொரு போராட்டத்துடையது. சீன ஊடகங்கள் அதை விடுமா? இதற்கிடையே ஷின்ஜியாங் முழுவதும் இணையம் சுமார் 10 மாதம் முடக்கப்பட்டிருந்தது; உள்ளூர்க்காரர்களைக் கேட்டுச் சரிபார்ப்பது பெரும்பாடாக இருந்தது.