பழைய டர்போ டீசல் கார் இழுக்கவில்லை. எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவையே மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். மாற்றத்தான் வேண்டுமா?

அவசரப்பட்டு மாற்றாதீர்கள். இதே பேச்சைக் கேட்டு 42,000 ரூபாய் எடுத்துவைத்தவன் நான்.

உங்கள் வண்டியும் பத்து வயதைத் தாண்டியது, ஓடுவதைவிட நிற்பதே அதிகம் என்று வைத்துக்கொள்கிறேன். என்னுடையது 2009 மாடல். சென்னையில் நிறுத்த இடமில்லாததால் செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில், பங்காளிகளுக்குப் பொதுவான எங்கள் வளவு வீட்டுக் கொட்டகையில் கிடக்கிறது. முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்கோ கல்யாணத்துக்கோ ஊருக்குப் போனால்தான் சாவி திரும்பும்.

போன தை மாதம் திருச்சிக்குக் கிளம்பினேன். திருமயம் தாண்டி, லேணா விளக்குக்கு முன்னால் ஒரு நெல் லாரியை முந்த மிதித்தேன். எஞ்சின் நிமிடத்துக்கு 2,000 சுற்றைத் தாண்டியதும் முதுகில் ஒரு தள்ளு கிடைக்குமே, அது வரவில்லை. லாரிக்காரர் கைகாட்டி வழிவிட்டும் முந்த முடியவில்லை. "இதற்கு மாட்டு வண்டியே தேவலை" என்றார் பின்னால் இருந்த ஆத்தா.

திருச்சியில் ஒரு பெரிய பணிமனையில் ஸ்கேனரைச் சொருகினார்கள். பி0299 (P0299) என்ற பிழை எண் வந்ததும் டர்போ போய்விட்டது என்று தீர்ப்பளித்தார்கள். எதிர்பார்த்த அளவுக்குக் காற்றழுத்தம் ஏறவில்லை என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. ஏன் ஏறவில்லை என்பதை நாம்தான் தேட வேண்டும்.

தேடியவர் காரைக்குடியில் வயதான ஒரு மெக்கானிக். டர்போவை ஒட்டி ஒரு தகர டப்பாவும் அதிலிருந்து நீளும் கம்பியும் இருக்கும். எஞ்சின் ஓடத் தொடங்கியதும், ஒரு ரப்பர் குழாய் வழியாக வரும் வேக்குவம், அதாவது காற்றை உறிஞ்சும் இழுப்பு, அந்தக் கம்பியை இழுக்க வேண்டும். அசையவே இல்லை. அந்தக் குழாயைக் கழற்றிவிட்டு, டப்பாவில் ஒரு பெரிய ஊசி சிரிஞ்சை மாட்டி இழுத்தார். கம்பி சரக்கென்று ஏறி, அப்படியே நின்றது. டப்பா ஒழுகவில்லை, டர்போவுக்குள் அந்தக் கம்பி திருப்பும் இறக்கைகளும் இறுகவில்லை. பிறகு டார்ச்சை அடித்து, ரப்பர் குழாயை விரலால் தடவிக்கொண்டே போனார். பேட்டரிக்குப் பின்னால் இரண்டு பல் தடம், கீழே கொஞ்சம் கறுப்புத் தூள். எலி! புதுக் குழாய் ஒரு மீட்டர், கூலியோடு 350 ரூபாய்.

எலி எங்கிருந்து வந்தது என்றும் சொல்லிவிடுகிறேன். கொட்டகையை ஒட்டி இரண்டாம் கட்டில் ஓடு சரிந்து மூன்று மழைக்காலம் ஆகிறது. பதினொரு பங்காளிகள். ஓடு மாற்றப் பங்குப் பணம் கேட்டால் வாட்ஸ்அப்பில் கும்பிடு மட்டும் வருகிறது. நிலைக்கதவை விற்றால் என்ன கிடைக்கும் என்று விசாரிக்க மட்டும் தவறாமல் போன் செய்கிறார்கள்.

எல்லா வண்டிக்கும் எலிதான் காரணம் என்று நான் சொன்னதாக யாரும் சண்டைக்கு வர வேண்டாம். மின்மோட்டார் கம்பியை அசைக்கும் மாடல்களில் இந்தச் சிரிஞ்சு வித்தை செல்லாது. கரும்புகையோடு 'உஸ்' என்ற சத்தமும் கேட்டால் டர்போ அனுப்பும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் குழாய்களைப் பாருங்கள். விட்டுப்போன கிளிப்பைச் சுற்றி எண்ணெய் ஈரம் தெரியும். எஞ்சினை ஓடவிடாமல் சாவியை மட்டும் திருப்பினால், நம் சமவெளியில் அழுத்த சென்சார் ஏறக்குறைய 1,000 மில்லிபார் காட்ட வேண்டும். அது வெளிக்காற்றின் அழுத்தம். அதையே தப்பாகக் காட்டினால் சென்சார்மேல் சந்தேகப்படுங்கள். நீலப்புகை வந்து, ஆயில் குறைந்து, டர்போவின் தண்டும் கையில் தாராளமாக ஆடினால் உங்கள் மெக்கானிக் சொன்னதுதான் சரி. அதற்கு மேல் ஓட்டாதீர்கள்.

இந்தத் தடவை கொட்டகையில் இரண்டு எலிப்பொறி வைத்துவிட்டு வந்தேன். அதற்கும் காசு நான் மட்டும்தான் கொடுத்தேன்.