நிறுவனப் பணமும் ஊழியர் தொண்டும்: கேள்வி பதில்

காஞ்சிபுரம் பக்கம் ஒரு சிறிய அறக்கட்டளையில் பன்னிரண்டு வருடமாக சி.எஸ்.ஆர்., அதாவது கம்பெனிகள் சமூகப் பொறுப்புக்காகச் செலவிடும் பணத்தில் நடக்கும் திட்டங்களைப் பார்த்துக்கொள்கிறேன். வந்த கேள்விகளில் எனக்குத் தெரிந்தவற்றுக்குப் பதில் சொல்கிறேன்.

எங்கள் கம்பெனி சிறியது. லாபத்தில் 2 சதவீதம் சி.எஸ்.ஆருக்குக் கொடுத்தே ஆக வேண்டுமா? (கோவை)

கம்பெனிகள் சட்டம் 2013, பிரிவு 135. முந்தைய நிதியாண்டில் நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி ரூபாய்: இவற்றில் ஒன்றைத் தொட்டாலும் கட்டாயம்தான். தொடவில்லை என்றால் கட்டாயமில்லை.

200 ஊழியர்கள் ஒருநாள் ஏரி சுத்தம் செய்தார்கள். அந்த நாள் சம்பளத்தை சி.எஸ்.ஆர். செலவாகக் காட்டலாமா? (ஓசூர்)

முடியாது. ஊழியர்களை ஈடுபடுத்துங்கள் என்று மத்திய கம்பெனி விவகார அமைச்சகமே ஊக்குவிக்கிறது. ஆனால் அவர்கள் உழைப்பை ரூபாயாக மாற்றிக் கணக்கில் எழுதக்கூடாது.

வருடா வருடம் ஒரு அரசுப் பள்ளியில் சுவருக்கு பெயின்ட் அடிக்கிறோம். இந்த முறை எந்தப் பள்ளிக்குப் போகலாம்? (சென்னை)

பள்ளியைச் சொல்லும் முன் ஒரு விஷயம். சில வருடங்களுக்கு முன் நானே எண்பது பேரை ஒரு தொடக்கப் பள்ளிக்கு அழைத்துப் போனேன். சாயங்காலத்துக்குள் சுவரெல்லாம் பளபளத்தது. திங்கட்கிழமை இரண்டாம் வகுப்பு ஆசிரியை போன் செய்தார். பின்சுவரில் அவர் தன் கையால் எழுதி வைத்திருந்த உயிர்மெய் எழுத்து வரிசையின் மேல் ஒரு யானைப் படம் இருந்தது. பிள்ளைகள் தினமும் விரல் வைத்து வாசித்த சுவர் அது. வந்தவர்கள் யாரும் அவரிடம் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அதே பள்ளியில் மோட்டார் பழுதாகி, கழிப்பறைக்குத் தண்ணீர் ஏறாமல் கிடந்தது. பஸ், சாப்பாடு, டி-ஷர்ட் செலவில் புது மோட்டாரே வாங்கியிருக்கலாம்.

அதனால் முதலில் தலைமையாசிரியரையும் பள்ளி மேலாண்மைக் குழுவையும் பாருங்கள். கல்வி உரிமைச் சட்டப்படி அந்தக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர். பள்ளிக்கு என்ன வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும். அப்புறம் இன்னொன்று: நீங்கள் செய்து கொடுப்பதை அடுத்த ஜூன் மாதம் யார் பார்த்துக்கொள்வார்? ஆள் இல்லை என்றால் தொடங்காதீர்கள்.

அப்படியானால் தொண்டே வேண்டாம், செக்கைக் கொடுத்துவிட்டுப் போகலாமே? (பெங்களூரு)

அப்படிச் சொல்லவில்லை. பத்தாம் வகுப்புக்குக் கணக்கு சொல்லித்தர ஆறு பேர் இரண்டு வருடம் சனிக்கிழமைதோறும் வந்தார்கள். டிப்ளமோ சேரலாமா, பிளஸ் ஒன் போகலாமா என்று அந்தப் பிள்ளைகள் இன்றைக்கும் அவர்களைத்தான் கேட்கிறார்கள். செக்கால் இது வராது.

ஆறு பேர் வந்தால் சரி. எண்பது பேர் வேலை நாளில் வந்தால் வகுப்பே நின்றுபோகிறது. எங்களால் மறுக்கவும் முடிவதில்லை. (ஆசிரியை, திருவள்ளூர்)

நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. வேலை நாளில் கூட்டமாகப் பள்ளிக்குள் போகாதீர்கள் என்று கம்பெனிக்காரர்கள் எல்லோரையும் கேட்டுக்கொள்கிறேன்.

அந்த எண்பது பேர் வராமல் உங்களுக்கு ஆறு பேர் எங்கிருந்து கிடைப்பார்கள்? (மீண்டும் பெங்களூரு)

நியாயமான கேள்வி. இரண்டு நாள் யோசித்தேன். அந்த ஆறு பேரில் இரண்டு பேர் அன்றைக்கு யானை வரைந்தவர்கள்தான். ஆகவே முதல் நாள் கூட்டம் வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கூட்டத்தைப் பனை விதை நட ஏரிக்கரைக்கு அழைத்துப் போங்கள், வகுப்பறைக்கு வேண்டாம். திரும்பி வருகிறவர்களை மட்டும் பிள்ளைகளிடம் அனுப்புங்கள்.

பெயின்ட் அடிக்கப் பள்ளி வேண்டும். (மூன்று பேர்)

மேலே சொல்லிவிட்டேன். தலைமையாசிரியரைக் கேளுங்கள்.

1,000 மரக்கன்று நடத் திட்டம். இடம் சொல்லுங்கள். (மதுரை)

சித்திரை வெயிலில் யார் தண்ணீர் ஊற்றுவார்? ஆளும் கூண்டும் 50 கன்றுக்குத்தான் உண்டென்றால் 50 மட்டும் நடுங்கள்.

வெள்ள நிவாரணத்துக்கு ஊழியர்களிடம் துணி சேர்க்கிறோம். முதலமைச்சர் நிவாரண நிதிக்குக் கொடுப்பது சி.எஸ்.ஆரில் வருமா? (சென்னை)

பழைய துணி வேண்டாம். 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்தில் யாரும் எடுக்காத துணி தெருவில் குவிந்து கிடந்தது. களத்தில் இருப்பவர்களைக் கேட்டு, அவர்கள் சொல்வதை வாங்கிக் கொடுங்கள். எவையெல்லாம் சி.எஸ்.ஆர். என்று பட்டியலிடுவது கம்பெனிகள் சட்டத்தின் ஏழாவது அட்டவணை. முதலமைச்சர் நிதிக்குக் கொடுப்பது அதில் இல்லை, அதனால் சி.எஸ்.ஆர். ஆகாது. 2020இல் கொரோனா சமயத்தில் அமைச்சகம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஊழியர்களிடம் பிடிக்கும் ஒருநாள் சம்பளமும் கம்பெனியின் செலவு ஆகாது. அது அவர்கள் பணம். அவரவர் சம்மதம் இல்லாமல் பிடிக்காதீர்கள்.

குழந்தைகள் இல்லத்தில் கேக் வெட்டிப் படம் போடலாமா? (சேலம்)

முகம் தெரியும் படம் கூடவே கூடாது. இல்லத்தில் இருக்கும் பிள்ளைகளின் அடையாளத்தை வெளியிடுவதை 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம் தடுக்கிறது.

எங்கள் அறக்கட்டளை கம்பெனிப் பணம் பெற என்ன வேண்டும்? (திருநெல்வேலி)

வருமான வரித் துறையில் 12ஏ, 80ஜி பதிவுகளும் (அறக்கட்டளைக்கும் நன்கொடையாளருக்கும் வரிச்சலுகை தருபவை) மூன்று வருட வேலை அனுபவமும் வேண்டும். 2021 ஏப்ரல் முதல் கம்பெனி விவகார அமைச்சகத்தின் சி.எஸ்.ஆர்.-1 படிவத்திலும் பதிய வேண்டும். நிதி வாங்கித் தருகிறேன், இத்தனை சதவீதம் கொடு என்று வருகிற தரகரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

பக்கத்து ஆலையிலிருந்து என்ன வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். என்ன சொல்வது? (அதே ஆசிரியை)

மோட்டார் கேளுங்கள். கூடவே கழிப்பறை சுத்தம் செய்பவருக்கு மூன்று வருடச் சம்பளமும் கேளுங்கள். தயங்க வேண்டாம். 'தொடர் திட்டம்' என்று எடுத்துக்கொண்டால், தொடங்கிய வருடம் போக மேலும் மூன்று வருடம் செலவு செய்ய விதியில் இடம் இருக்கிறது. தலைமையாசிரியரிடமும் மேலாண்மைக் குழுவிடமும் கையெழுத்து வாங்கி, கடிதமாகக் கொடுங்கள்.