பழைய செய்திப்படங்களைத் தேடும் முறை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: நாகப்பட்டினத்திலிருந்து கப்பலேறி மலாயாவின் ரப்பர் தோட்டங்களுக்குப் போன தமிழர்களைப் பற்றிச் சிறு ஆவணப்படம் ஒன்று எடுத்து வருகிறேன். பிரிட்டிஷ் பாத்தே இணையக் காப்பகத்தில் ‘தமிழ்’, ‘தமிழர்’ என்று ஆங்கிலத்தில் இட்டுத் தேடியும் உருப்படியாக ஒன்றும் அகப்படவில்லை. நம்மவர்களைப் பற்றிய காட்சியே அங்கு இல்லையா?
– வாசகி, நாகப்பட்டினம்

பதில்: அப்படி முடிவு கட்ட வேண்டாம். தேடுபெட்டி படத்தைப் பார்ப்பதில்லை. அந்தப் படத்துக்கு எப்போதோ ஒருவர் எழுதிவைத்த குறிப்பை மட்டுமே பார்க்கிறது. பாத்தே, 1910 முதல் 1970 வரை பிரிட்டிஷ் திரையரங்குகளுக்காகச் செய்திப்படம் தயாரித்த நிறுவனம். பால் வெட்டும் பெண் தமிழரா, தெலுங்கரா, மலையாளியா என்பது லண்டனில் உட்கார்ந்து குறிப்பெழுதியவருக்கு ஒரு பொருட்டாக இருந்திருக்காது. அவர் கண்ணில் பட்டவை மரம், கத்தி, கோப்பை, தலையில் முண்டாசு ஆகியவைதாம். ஆகவே ‘ரப்பர்’, ‘பிளான்டேஷன்’, ‘எஸ்டேட்’, ‘டாப்பிங்’, ‘லேடெக்ஸ்’ என்று வேலையையும் பொருளையும் குறிக்கும் சொற்களிலிருந்து தொடங்குங்கள். மனிதர்களைக் குறிக்க ‘இந்தியன் லேபரர்ஸ்’, ‘நேட்டிவ்ஸ்’, ‘கூலீஸ்’ ஆகியவற்றையும் இட்டுப் பார்க்கத்தான் வேண்டும். கடைசிச் சொல்லைத் தட்டச்சு செய்ய நமக்குக் கை கூசும்; அன்று எழுதியவருக்குக் கூசவில்லை. பத்துமலைத் தைப்பூசத்தைத் தேடுவதானால், ‘தைப்பூசம்’ என்பதற்கு ஆங்கிலத்தில் வழங்கும் எழுத்துக்கூட்டல்கள் அனைத்தையும் முயன்ற பிறகு, ‘ஹிந்து ஃபெஸ்டிவல்’, ‘கோலாலம்பூர்’ என்றும் தேடுங்கள்.

ஆண்டு வரம்பை இடும்போது வரலாற்றையும் கணக்கில் கொள்ளுங்கள். மலாயாவுக்கு உதவித்தொகையுடன் தொழிலாளரை அனுப்புவதை இந்திய அரசு 1938இல் நிறுத்திவிட்டது; ஆகவே ஆள்திரட்டிக் கப்பலேற்றும் காட்சி ஏதும் இருந்தால் அது பெரும்பாலும் அதற்கு முந்தையதாகவே இருக்கும். சென்னை, நாகை, பினாங்கு, சிங்கப்பூர் வழித்தடத்தில் ஓடிய ‘ராஜுலா’வோ 1926இல் கட்டப்பட்டு 1970கள் வரை பயணிகளை ஏற்றிச் சென்ற கப்பல். அதன் பெயரையும் தனியே தேடுங்கள். ஊர் பெயரும் ஆள் பெயரும் கைவிடும் இடத்தில் கப்பலின் பெயர் கைகொடுப்பதுண்டு.

முடிவுகள் வந்ததும் படத்தை ஓடவிடுவதற்கு முன் குறிப்பைப் படியுங்கள். ‘எல்/எஸ்’ என்றால் தூரக்காட்சி, ‘சி/யு’ என்றால் அண்மைக்காட்சி, ‘ஜி.வி.’ என்றால் இடத்தைப் பொதுவாகக் காட்டுவது. ‘அன்யூஸ்டு’ அல்லது ‘செலக்டட் ஒரிஜினல்ஸ்’ என்ற குறிப்பைக் கண்டால் விட்டுவிடாதீர்கள். திரையரங்கில் காட்டிய நறுக்குக்குள் அடங்காமல் ஒதுக்கப்பட்ட சுருள்கள் அவை; பெரும்பாலும் ஒலியின்றி இருக்கும். வர்ணனையாளரின் ஏளனக் குரல் ஏறாத இந்தத் துண்டுகளே, என் கருத்தில், உங்களைப் போன்றவர்களுக்கு மிகுந்த பயன் தருபவை.

பாத்தேயோடு நிற்கவும் வேண்டாம். ‘காலனியல் ஃபிலிம்’ என்ற தளத்தில் பிரிட்டிஷ் காலனி நாடுகளைப் பற்றிய 6,000க்கும் மேற்பட்ட படங்களின் விவரங்கள் உள்ளன. அங்கேயே பார்க்கக்கூடியவை அவற்றுள் சிறு பகுதிதான். 1946இல் தொடங்கிய மலாயன் ஃபிலிம் யூனிட் எடுத்த படங்களைப் பற்றியும் அங்கே படிக்கலாம்.

கேள்வி: எலிசபெத் அரசி 1961இல் சென்னைக்கு வந்தபோது எடுத்த காட்சியைத் தேடுகிறேன். ‘சென்னை’ என்று இட்டால் ஒன்றுமே வரவில்லை. ‘மெட்ராஸ்’ என்றால் தொடர்பில்லாதவை எல்லாம் வருகின்றன.
– வாசகர், மயிலாப்பூர்

பதில்: சென்னை என்ற பெயர் அதிகாரபூர்வமானது 1996இல்தான், அதற்கு முந்தைய குறிப்பில் அதை எதிர்பார்க்க முடியாது. இதே காரணத்தால் 1972க்கு முந்தைய இலங்கையைச் ‘சிலோன்’ என்றும், தஞ்சாவூரை ‘டாஞ்சூர்’ என்றும், திருச்சியை ‘டிரிச்சினோபோலி’ என்றும் தேட வேண்டும். ஆனால் உங்கள் சிக்கல் ஊர் பெயரோடு முடியவில்லை. அரசியின் பயணத்தில் சென்னை ஒரு நிறுத்தம் மட்டுமே என்பதால், தலைப்பு ‘ராயல் டூர்’, ‘குயின் இன் இந்தியா’ என்ற பாங்கில் அமைந்து, நகரத்தின் பெயர் குறிப்பின் நடுவில் எங்கோ ஒரு வரியில் ஒளிந்திருக்கக்கூடும். அந்த வரியே இல்லாமலும் போகலாம். பயணம் முழுவதையும் பற்றிய துண்டுகளை எடுத்து ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

தேதியிலும் ஒரு பொறி உண்டு. காப்பகக் குறிப்பில் காணும் நாள் செய்திப்படம் வெளியான நாளே தவிர நிகழ்ச்சி நடந்த நாள் அன்று. 1961இல் சுருள் விமானத்தில் போயிருக்கும் என்பதால் இடைவெளி சிறியது. 1920களில் கப்பலில் லண்டன் போய்ச் சேரவே வாரக்கணக்கில் ஆகும். எதற்கும், அரசியின் பிப்ரவரி வருகைக்கு மார்ச் இறுதி வரையாவது வரம்பை நீட்டுங்கள். கூகுள் தேடலில் ‘சைட்’ என்பதை ஆங்கிலத்தில் எழுதி, முக்காற்புள்ளி இட்டு, இடைவெளி விடாமல் காப்பகத்தின் முகவரியைச் சேர்த்து, அதன்பின் தேடுசொற்களை மேற்கோள் குறிக்குள் தந்தால், தளத்தின் சொந்தத் தேடுபெட்டிக்கு எட்டாதவையும் சில நேரம் கிடைக்கும்.

கேள்வி: ‘இந்தியா, இடம் தெரியவில்லை’ என்ற குறிப்புடன் ஒரு ரயில் நிலையக் காட்சி கிடைத்தது. நம் பக்கத்து ஊர்தானா என்று எப்படி உறுதி செய்வது?
– வாசகர், விழுப்புரம்

பதில்: வேகத்தைக் குறைத்து, எழுத்து தென்படும் இடங்களிலெல்லாம் நிறுத்திப் பாருங்கள். ஊர்ப் பலகையில் தமிழ் இருந்தால் பாதி வேலை முடிந்தது. பெட்டியின் பக்கவாட்டில் ‘எஸ்.ஐ.ஆர்.’ என்றிருந்தால் அது தென்னிந்திய ரயில்வே. 1951 ஏப்ரலில் அது தெற்கு ரயில்வேயில் இணைந்துவிட்டதால் காலத்தையும் ஓரளவு மட்டுக்கட்டலாம், பழைய எழுத்து அழிக்கப்படாமல் சில காலம் ஓடிய பெட்டிகளும் இருந்திருக்கும் என்ற எச்சரிக்கையோடு. கண்டுபிடித்தால் காப்பகத்துக்கு எழுதுங்கள். குறிப்பைத் திருத்தினால் அடுத்துத் தேடுபவருக்கு அந்த ஊர் கிடைக்கும்.

கேள்வி: யூடியூபில் இலவசமாகப் பார்க்க முடிகிற பாத்தே படத்தை என் படத்தில் சேர்த்துக்கொள்ளலாமா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: கூடாது. 2014இல் அவர்கள் சுமார் 85,000 படங்களை யூடியூபில் ஏற்றினார்கள். அது பார்ப்பதற்கான அனுமதி மட்டுமே. இந்தியச் சட்டப்படி திரைப்படத்தின் பதிப்புரிமை வெளியான ஆண்டுக்குப் பின் 60 ஆண்டுகள் என்றாலும், வேறு நாடுகளில் கணக்கு வேறு. தெளிவான பிரதியும் அவர்களிடம்தான் இருக்கிறது. அனுமதி கேட்டு எழுதும்போது படத்தின் எண், வேண்டிய வினாடிகள், எந்த நாடுகளில் எந்த ஊடகத்தில் எத்தனை ஆண்டுகளுக்குக் காட்டப்போகிறீர்கள் என்ற விவரங்களைத் தாருங்கள். லாப நோக்கில்லாத கல்விப்படம் என்றால் அதை முதல் கடிதத்திலேயே சொல்லிவிடுங்கள். கட்டணத்தைப் பற்றிப் பேச அப்போதுதான் இடமிருக்கும்.