384 போதுமா மேடம்? சாம்பிள் எடுப்பது பற்றிக் கேள்வி பதில்

கேள்வி (பிஎச்டி இரண்டாம் ஆண்டு): என் தலைப்பு ‘தமிழகப் பெண் தொழில்முனைவோர்’. சாம்பிளுக்கு 384 பேர் போதுமா மேடம்?

பதில்: எத்தனை பேர் என்பதை அப்புறம் பார்ப்போம். யார் அவர்கள்? வீட்டில் மாவு அரைத்து விற்கும் அக்கா உண்டா? உரிமம் மனைவி பெயரில், கடையில் உட்கார்ந்திருப்பது கணவர் என்றால் அது சேருமா? எந்த மாவட்டம், எந்தத் தேதி நிலவரம்? இதை எழுதாமல் பாப்புலேஷன், அதாவது உங்கள் ஆய்வு யாரைப் பற்றிப் பேசுகிறதோ அந்த மொத்தக் கூட்டம், என்று ஒன்று கிடையாது. சிறுதொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவுப் பட்டியலிலிருந்து எடுத்தால் உங்கள் பாப்புலேஷன் ‘உத்யம் பதிவு பெற்ற பெண்கள்’ மட்டும்தான். தலைப்பும் அப்படியே மாற வேண்டும்.

384 வந்த கதை இது: 95% நம்பிக்கை அளவுக்கான 1.96ஐ வர்க்கப்படுத்தி, பாதிக்குப் பாதி என்ற அனுமானத்துக்காக 0.25ஆல் பெருக்கி, 5% பிழைக்காக 0.0025ஆல் (0.05இன் வர்க்கம்) வகுத்தால் 384.16. பட்டியலில் உள்ள எல்லோருக்கும் சம வாய்ப்பு இருந்தால்தான் இந்தக் கணக்கு செல்லும். முதலில் ஊர்களைப் பொறுக்கி, அப்புறம் ஆட்களைப் பொறுக்கினால் பெரும்பாலும் இன்னும் அதிகம் தேவைப்படும்.

கேள்வி: பாப்புலேஷன் பெரிதானால் சாம்பிளும் பெரிதாக வேண்டாமா?

பதில்: ஓரளவுக்கு மேல் வேண்டாம். கிரெஜ்சி, மோர்கன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1970இல் போட்ட சாம்பிள் அளவு அட்டவணையில் 10,000 பேருக்கு 370. 10 லட்சம் பேருக்கு 384.

கேள்வி: கூகுள் ஃபார்மை வாட்ஸாப் குழுக்களில் போட்டு 600 பேர் நிரப்பிவிட்டார்கள். ராண்டம் (குலுக்கி எடுத்தது) என்று எழுதலாமா?

பதில்: கூடாது. 1936 அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு முன் லிட்டரரி டைஜஸ்ட் பத்திரிகை கருத்துக்கணிப்புக்காகச் சுமார் 1 கோடி மாதிரி வாக்குச் சீட்டு அனுப்பி, 23 லட்சத்துக்கு மேல் திரும்பப் பெற்றது. லேண்டன் ஜெயிப்பார் என்றது. ஆனால் எதிர்த்து நின்ற ரூஸ்வெல்ட் 61% வாக்கு வாங்கி ஜெயித்தார். தொலைபேசி, கார் வைத்திருந்தவர்களின் பட்டியலை நம்பியதுதான் காரணம் என்று எல்லோரும் சொல்வார்கள். பதில் போடாத முக்கால்வாசிப் பேரை மறந்துவிடுவார்கள். உங்கள் ஃபார்மைப் பார்த்துவிட்டு நிரப்பாமல் போனவர்கள் எத்தனை பேர் என்று உங்களுக்குத் தெரியுமா?

கேள்வி: எஸ்பிஎஸ்எஸ் (புள்ளியியல் மென்பொருள்) வைத்து எந்த டெஸ்ட் போடுவது?

பதில்: இங்கே அது வேண்டாம். இன்று சாம்பிள் மட்டும்தான்.

கேள்வி: அரசு சர்வேக்களே 2011 சென்சஸை வைத்துத்தானே ஓடுகின்றன? அப்போது எல்லாமே தப்புதானே?

பதில்: இந்தச் சண்டை 2023இலேயே நடந்தது. பழைய பட்டியலால் கிராமப் பங்கு கூடித் தெரிகிறது என்றார் அப்போது பிரதமரின் பொருளாதார ஆலோசனைக் குழுவில் இருந்த ஷமிகா ரவி. முன்னாள் தலைமைப் புள்ளியியலாளர் பிரணாப் சென் அதை மறுத்தார். தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஊர்களைத் தேர்ந்தெடுத்தது 2011 பட்டியலிலிருந்து. ஆனால் தேர்வான இடத்தில் வீடு வீடாகப் போய்ப் புதிதாகப் பட்டியல் போட்டுத்தான் 22 வீடு எடுத்தார்கள். நேற்று கட்டிய வீடும் அதில் வரும்.

மறுகேள்வி: எங்கள் பஞ்சாயத்தில் வயலெல்லாம் பிளாட் ஆகிவிட்டது. 2011இல் இருந்ததைப் போல மூன்று மடங்கு வீடு. பட்டியல் புதிது என்றாலும், எங்கள் ஊர் தேர்வாகும் வாய்ப்பு பழைய அளவில்தானே?

பதில்: சரியான இடத்தில் பிடித்தீர்கள். ஆமாம், வாய்ப்பு பழையதுதான். ஆனால் புதுப் பட்டியலில் மூன்று மடங்கு வீடு இருந்தால், எடுத்த ஒவ்வொரு வீட்டுக்கும் எடை, அதாவது அது எத்தனை வீடுகளுக்காகப் பேசுகிறது என்ற கணக்கு, மூன்று மடங்கு ஏறும். சராசரி ஒரு பக்கம் சாயாது, துல்லியம் குறையும். எடையால் தீராதது ஒன்று உண்டு. உங்கள் ஊர் இன்னும் ‘கிராமம்’ என்றே பதிவாகும். ஆகவே கிராமம், நகரம் என்று பிரித்துப் போடும் எண்களைத்தான் நான் சந்தேகத்தோடு பார்ப்பேன்.

இன்னொருவர்: அபார்ட்மெண்ட்டில் வாட்ச்மேன் உள்ளேயே விடுவதில்லை. அதுவும் பட்டியல் கோளாறுதானே?

பதில்: இல்லை. பட்டியலில் இருந்தும் பேசாதவர்கள் வேறு, பட்டியலிலேயே வராதவர்கள் வேறு. முன்பு சொன்ன லிட்டரரி டைஜஸ்டில் இரண்டும் இருந்தன. இரண்டையும் ஒரே சாக்கில் கட்டாதீர்கள்.

கேள்வி: வெளிமாநிலக் கட்டடத் தொழிலாளர்களுக்குப் பட்டியலே இல்லையே?

பதில்: ஆட்களுக்குப் பட்டியல் இல்லையென்றால் இடங்களுக்குப் போடுங்கள். வேலை நடக்கும் கட்டடங்களைக் கணக்கெடுத்து, அவற்றில் சிலவற்றைக் குலுக்கி எடுங்கள். ஒருவர் இன்னொருவரைக் காட்டும் முறைக்கும் போகலாம். ஆனால் அதில் வரும் சதவீதத்தை ‘மொத்தத் தொழிலாளர்களில்’ என்று எழுதாதீர்கள்.

கேள்வி: என் பாப்புலேஷன் 5 லட்சம். 384 போதுமா மேடம்?

பதில்: முதல் பதில்.

கேள்வி: 200 போதுமா?

பதில்: முதல் பதில், தம்பி. முதல் பத்தி.

கேள்வி (மீண்டும் பிஎச்டி இரண்டாம் ஆண்டு): தலைப்பை மாற்றினால் கைடு திட்டுவார் மேடம்.

பதில்: திட்டட்டும். வைவாவில் (பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வு) வெளியிலிருந்து வரும் தேர்வாளர் கேட்டு, பதில் இல்லாமல் நிற்பதற்கு இது தேவலை. மாற்றும்போது மாவட்டத்தையும் தேதியையும் சேர்த்துவிடுங்கள்.