கார் இல்லாமல், கூட்டம் இல்லாத ஹேட்ரியன் சுவரை ஒரே நாளில் பார்த்துவிட்டு வர முடியுமா?

கேள்வி: வட இங்கிலாந்தில், நியூகாசிலில் இருக்கிறோம், கார் கிடையாது. ஒரு சனிக்கிழமை ரோமானியர் கட்டிய ஹேட்ரியன் சுவரைப் பார்க்கப் போகலாம் என்று ஆசை. எல்லோரும் போட்டோ எடுக்கும் இடம் வேண்டாம், கொஞ்சம் அமைதியான பகுதியாக இருக்க வேண்டும். எப்படித் திட்டமிடுவது?

பதில்:

தாராளமாக முடியும். வால்டவுனில் தொடங்கி, காவ்ஃபீல்ட்ஸ் வழியாக நடந்து, ஹால்ட்விசில் ரயில் நிலையத்தில் முடியுங்கள். மொத்தம் 10 அல்லது 11 கிலோமீட்டர் வரும். நின்று பார்த்து, உட்கார்ந்து சாப்பிட்டு, சாவகாசமாக நடந்தால் 5 மணி நேரம். ஊரிலிருந்து யாராவது வந்து, அவர்களுக்கு நடக்கத் தெம்பும் இருந்தால் நான் கூட்டிப்போவது இங்கேதான்.

ஒன்றை மட்டும் மாற்றாதீர்கள்: காலையில் போகும்போது பஸ், திரும்பும்போது நடை. சுவரை ஒட்டிய சாலையில் பயணிகளுக்காக ஓடுவது ஏடி122 என்ற பஸ். சுவர் வேலை தொடங்கிய கி.பி. 122-ஐத்தான் பஸ்ஸுக்கு எண்ணாக வைத்திருக்கிறார்கள். ஈஸ்டர் வாக்கில் தொடங்கி இலையுதிர் காலம் வரை ஓடும், அதுவும் நாளுக்குச் சில தடவைதான். காலையில் முதலில் நடந்துவிட்டுத் திரும்புவதற்கு பஸ்ஸை நம்பினால், மத்தியானத்துக்கு மேல் சுவரைப் பார்க்க மாட்டீர்கள், கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். காலையிலேயே பஸ் கணக்கை முடித்துவிட்டால் அந்தத் தொல்லை இல்லை. நடை நேராக ரயில் நிலையத்தில் போய் முடிகிறது. ஒரு ரயில் போனால் அடுத்த ரயில்.

இன்னொரு காரணம் காற்று. அந்தப் பக்கம் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்துதான் அடிக்கும், அதுவும் மலை முகட்டில் சும்மா அடிக்காது. வால்டவுனிலிருந்து கிழக்கு நோக்கி நடந்தால் அது முதுகில் கைவைத்துத் தள்ளிவிடும். எதிர்த்திசையில் போய்ப் பார்த்தால்தான் வித்தியாசம் புரியும்.

இடத்தை ஏன் இப்படித் தேர்ந்தெடுத்தேன் என்றும் சொல்லிவிடுகிறேன். சுவரின் மொத்த நீளம் சுமார் 117 கிலோமீட்டர். கிழக்கே டைன் ஆற்றங்கரையில் வால்செண்டில் தொடங்கி, மேற்கே சால்வே கழிமுகம் வரை போகிறது. இரண்டு முனைகளிலும் கண்ணில் படுவது குறைவு. கல்லை எல்லாம் வீட்டுக்கும் தேவாலயத்துக்கும் வேலிக்கும் எடுத்துப் போய்விட்டார்கள். நின்று பார்க்கும்படி மிச்சமிருப்பது நடுவில், வின் சில் என்ற கருங்கல் முகடு ஓடும் பகுதியில்தான். அந்த நடுப்பகுதியிலும் எல்லோரும் போவது ஹௌஸ்ஸ்டெட்ஸ் கோட்டைக்கும் ஸ்டீல் ரிக் பாறைகளுக்கும். நடுவே சைக்கமோர் கேப் என்ற பள்ளத்தில் ஒற்றை மரம் ஒன்று நின்றதே, 2023 செப்டம்பரில் ஒரு ராத்திரி வெட்டிச் சாய்த்தார்களே, அந்த இடம். மரம் இல்லாவிட்டாலும் ஆட்கள் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். அங்கே காட்சி நன்றாக இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் கேட்டது அமைதி. அதற்கு மேற்கே சில கிலோமீட்டர் தள்ளிப் போனால் அதே முகடு, அதே சுவர், ஆனால் ஆட்கள் நன்றாகக் குறைந்துவிடுவார்கள்.

நியூகாசில் சென்ட்ரலிலிருந்து கார்லைல் போகும் ரயிலில் ஏறினால் சுமார் ஒரு மணி நேரத்தில் ஹால்ட்விசில். 1838-ல் முழுதாகத் திறந்த பழைய பாதை, டைன் ஆற்றை ஒட்டியே போகும். ரயில் நேரத்தைப் பார்த்து பஸ்ஸைத் தேடாதீர்கள். முதலில் ஏடி122 கால அட்டவணையைத் திறந்து, ஹால்ட்விசிலிலிருந்து வால்டவுனுக்குக் காலையில் எது போகிறது என்று பார்த்து, அதற்கு அரை மணி நேரமாவது முன்னால் வந்து சேரும் ரயிலைப் பிடியுங்கள். அந்த இடைவெளியில் ஊருக்குள் சாப்பாட்டுச் சாமான் வாங்கிக்கொள்ளலாம். பஸ் ஓடாத நாளாக இருந்தால் முந்தின நாளே டாக்ஸிக்குச் சொல்லி வைத்துவிடுங்கள். தூரம் கொஞ்சம்தான், ஆனால் சின்ன ஊர், நிலையத்துக்கு வெளியே வண்டிகள் வரிசையாக நிற்காது.

பஸ் உங்களை இறக்கிவிடும் இடத்தில் ரோமானியப் படை அருங்காட்சியகம் இருக்கிறது. பக்கத்து வயல்தான் மேக்னா கோட்டை. சிரியாவின் ஹாமா பகுதியிலிருந்து வந்த வில்வீரர்கள் இங்கே காவல் இருந்தார்கள். அந்த வெயிலில் பிறந்தவன் இந்தக் குளிர்காற்றில் எப்படி நின்றானோ! மேக்னாவில் 2023 முதல் அகழாய்வு நடக்கிறது. 2025-ல் ஓர் அகழியிலிருந்து 30 சென்டிமீட்டருக்கும் நீளமான தோல் செருப்புகள் சில கிடைத்து எல்லோரையும் வாய் பிளக்க வைத்தன. இதே வயலில் 1915-ல் ஒரு தபால்காரர் தானியம் அளக்கும் வெண்கல மரக்கால் ஒன்றைக் கண்டெடுத்தார். எவ்வளவு பிடிக்கும் என்று அதன்மேல் பொறித்திருக்கிறார்கள், ஆனால் அளந்தால் அதைவிடக் கூடுதலாகவே பிடிக்கிறது. வரித் தானியம் கொடுத்தவர்களை ஏமாற்றினார்களா, வேறு ஏதாவது கணக்கா என்று இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். மரக்கால் இப்போது செஸ்டர்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது, இந்த வழியில் வராது. படை அருங்காட்சியகத்துக்குக் கட்டணம் உண்டு, ஒரு மணி நேரம் போய்விடும். வானம் தெளிவாக இருந்தால் நான் உள்ளே போகாமல் நேராக நடக்கத் தொடங்கிவிடுவேன்.

வால்டவுன் பழைய கல் குவாரி, இப்போது பூங்கா. கழிப்பறையை இங்கேயே பயன்படுத்திக்கொள்ளுங்கள், அடுத்தது காவ்ஃபீல்ட்ஸில்தான். குவாரியைத் தாண்டி மேலே ஏறினால் பாறை விளிம்பில் ஒரு கண்காணிப்புக் கோபுரத்தின் அடித்தளம். 45ஏ என்று எண் போட்டிருக்கிறார்கள். சுவர் வருவதற்கு முன்பே தனியாக நின்ற கோபுரம் இது, பிறகு சுவரை இதோடு கொண்டுவந்து சேர்த்தார்கள். ஏன் இங்கே கட்டினார்கள் என்பதற்கு விளக்கப் பலகையே தேவையில்லை, வடக்கே ஒருமுறை பார்த்தால் போதும்.

அங்கிருந்து வால்டவுன் பாறைகளின் மேல் சுவர் நல்ல உயரத்தில் வளைந்து வளைந்து, ஏறி இறங்கிப் போகிறது. முழு நடையிலும் அழகான பகுதி இதுதான். இங்கே அவசரப்படாதீர்கள். வெளிப்பக்கம் சதுரமாக வெட்டிய மணற்கல், உள்ளே உடைகல்லும் சாந்தும். கட்டிய காலத்தில் நாலரை மீட்டர் உயரம் இருந்திருக்கலாம் என்கிறார்கள். மூன்று லீஜியன்களின், அதாவது ரோமானியப் பெரும்படைப் பிரிவுகளின், வீரர்களே கொத்தனார்கள். ஒவ்வொரு ரோமானிய மைலுக்கும், அதாவது சுமார் ஒன்றரை கிலோமீட்டருக்கும், ஒரு சின்னக் காவல்கோட்டை. இரண்டு காவல்கோட்டைகளுக்கு நடுவே இரண்டு கோபுரங்கள். பாறை செங்குத்தாக இருக்கிறதே, எதிரி எப்படி ஏறுவான் என்றெல்லாம் யோசிக்காமல், கணக்கு தவறாமல் கட்டிக்கொண்டே போயிருக்கிறார்கள். அரசாங்க வேலை அன்றைக்கும் அப்படித்தான்.

அதற்குப் பிறகு சுவர் மெல்ல மறைந்துவிடும். காக்மவுண்ட் ஹில் பக்கம் போனால் மரங்களுக்கு நடுவே புல் மூடிய மேடு, அங்கங்கே எட்டிப்பார்க்கும் கல், அவ்வளவுதான். கூட்டம் இங்கே வராததற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். எனக்கு இந்தப் பகுதி பிடிக்கும். ஆடுகளையும் காற்றையும் தவிர வேறு சத்தம் இருக்காது. வெள்ளை நிறத்தில் ஓக் கொட்டைச் சின்னம் போட்ட பலகைகளைப் பார்த்துக்கொண்டே போனால் வழி தவறாது. சரிவு எப்போதும் உங்கள் இடது கைப்பக்கம் இருக்க வேண்டும்.

அப்புறம் கிரேட் செஸ்டர்ஸ் கோட்டை, மரக்கால் இருக்கும் செஸ்டர்ஸ் வேறு. ரோமானியர் பெயர் ஏசிகா. ஹௌஸ்ஸ்டெட்ஸ் மாதிரி டிக்கெட் அறையோ கடையோ இங்கே கிடையாது. ஒரு பண்ணை வீட்டை ஒட்டிய மேய்ச்சல் நிலத்தில் ஒரு முழுக் கோட்டை புதைந்து கிடக்கிறது, அதன்மேல் ஆடு மேய்கிறது. நடுவில் கருவூல அறையின் கல் வளைவு அப்படியே நிற்கும். தெற்கு வாசல் பக்கம் ஜாடி செதுக்கிய பலிபீடம் ஒன்று இருக்கிறது, போகிறவர்கள் அதன்மேல் சில்லறை வைத்துவிட்டுப் போகிறார்கள். எந்தச் சாமிக்கு என்று யாருக்கும் கவலையில்லை! இந்தக் கோட்டைக்குத் தண்ணீர் கொண்டுவர ரோமானியர் வெட்டிய கால்வாய் இன்னும் ஆச்சரியம். நேர்க்கோட்டில் போனால் 4 கிலோமீட்டர்கூட வராத இடத்திலிருந்து, நிலத்தின் வாட்டம் பார்த்து வளைத்து வளைத்துச் சுமார் 10 கிலோமீட்டருக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்க நல்ல இடம். இடையில் கடை எதுவும் இல்லை, அதனால் புளிச்சாதமோ சப்பாத்தியோ காலையிலேயே கட்டிக்கொண்டு போய்விடுங்கள்.

காவ்ஃபீல்ட்ஸும் ஒரு பழைய குவாரிதான். வெட்டிய பள்ளத்தில் தண்ணீர் தேங்கிக் குளமாகிவிட்டது. கார் நிறுத்துமிடம், கழிப்பறை எல்லாம் உண்டு, இங்கே நாலு பேரைப் பார்ப்பீர்கள். குளத்தைத் தாண்டிச் சில நிமிடம் கிழக்கே போய் 42-ஆம் காவல்கோட்டையைப் பார்த்துவிட்டுத் திரும்புங்கள். உட்கார்ந்தால் சறுக்கும் அளவுக்குச் சரிவான இடத்தில் கட்டியிருக்கிறார்கள், வாசல் கற்கள் ஒவ்வொன்றும் பெரிது பெரிதாக இருக்கும். அங்கே நின்று தெற்கே பார்த்தால் வாலம் என்ற அகழி, இரண்டு பக்கமும் மண்மேடுகளோடு, நூல் பிடித்த மாதிரி நேராகப் போவது தெரியும். வடக்கிலிருந்து வராமல் தடுக்கச் சுவர் என்றால், தெற்கே எதற்கு இவ்வளவு பெரிய பள்ளம்? தங்கள் ஆட்சியில் இருந்தவர்களையே ராணுவ எல்லைக்குள் கண்டபடி நுழைய விடவில்லை என்பதுதான் பலரும் சொல்லும் விளக்கம்.

இங்கிருந்து தெற்கே இறங்கினால் மிலிட்டரி ரோடு, பக்கத்தில் ஒரு பப். அந்தச் சாலை நேர்கோடு, கார்கள் பறக்கும், கவனமாகக் கடக்கவும். அப்புறம் ஹால்ட்விசில் ஓடைப் பாதை. முழுக்க இறக்கம், மரநிழல், பழைய நிலக்கரிச் சுரங்கத்தின் மிச்சங்கள், ஒரு புகைபோக்கி. ஊருக்குள் வந்ததும் பிரதான வீதி வழியாக ரயில் நிலையம்.

வீட்டில் பெரியவர்கள் கூட வந்தால் இந்த நடை வேண்டாம். ஏற்ற இறக்கம் ஒருபக்கம் இருக்க, கல்வேலிகளைத் தாண்டும் ஏணிப்படிகள் நிறைய. அவர்களுக்கு பர்டோஸ்வால்ட் சரியான இடம். சுவர் அறுபடாமல் தொடர்ந்து நிற்கும் மிக நீளமான பகுதி அங்கேதான், தரையும் சமதளம். ஆனால் யாராவது கார் எடுத்தால்தான் வசதி.

இதே நாளில் விண்டோலாண்டாவையும் சேர்த்துவிடலாமா என்று நிச்சயம் தோன்றும், பஸ் அங்கேயும் போகிறது. சேர்க்காதீர்கள், அதற்குத் தனியாக அரை நாளாவது வேண்டும். சுவருக்கும் முந்தைய கோட்டை அது. சேற்றில் கிடைத்த மெல்லிய மரப்பலகைகளில் மையால் எழுதிய கடிதங்களும் கணக்குகளும்தான் அங்கே விசேஷம். அப்படி ஒரு கணக்கில் டாப்போவின் மகன் காம்பாக்ஸ் என்ற ஆளின் பெயருக்கு நேரே மிளகு, 2 டெனாரியஸ் (ரோமானிய வெள்ளிக்காசு) என்று இருக்கிறது. அந்தக் காலத்து ரோமாபுரிக்கு மிளகு போனது சேர நாட்டுக் கரையிலிருந்து, முசிறி போன்ற துறைமுகங்கள் வழியாக. நம் பக்கத்துச் சரக்கு இங்கே இந்தக் குளிரில் ஒரு சிப்பாயின் கணக்கில் ஏறியிருக்கிறது. இதற்காகவே இன்னொரு சனிக்கிழமை ஒதுக்கலாம்.

எப்போது போவது? மே முதல் அக்டோபர் வரை. குளிர்காலத்தில் புல்தரை ஊறிக் கிடக்கும், காலடி பட்டுப் பட்டு அடியில் புதைந்திருப்பதும் கெடும். அதனால் அப்போது சுவரோரம் நடப்பதைத் தவிர்க்கச் சொல்கிறார்கள். டிசம்பரில் நாலு மணிக்கு முன்பே இருட்டிவிடும் வேறு. சுவர்மேல் ஏறி நடக்காதீர்கள், போட்டோவுக்காகக்கூட. கன்றோடு நிற்கும் மாட்டைக் கண்டால் சுற்றிக்கொண்டு போங்கள், ஊர் மாடு மாதிரி நினைத்துத் தட்டிக்கொடுக்கப் போக வேண்டாம். ஜூலையிலும் மழைக்கோட்டு தேவைப்படும். குடை எடுத்துப் போனால் அந்தக் காற்றில் கம்பிதான் மிஞ்சும். போன் சிக்னல் வந்து வந்து போகும், அதனால் வரைபடத்தை முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். காகித வரைபடம் பிடிக்கும் என்றால் ஆர்டனன்ஸ் சர்வேயின் ஓஎல்43.

நீங்கள் சொன்ன சனிக்கிழமையே நல்லது. ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றினால் ரயில்கள் குறைவாக இருக்கும், திரும்பும் நேரங்களை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.