இரண்டாவது ரவுட்டர்: யார் உள்ளே, யார் வெளியே?

கேள்வி: இணைய நிறுவனம் தந்த ரவுட்டரின் பின்னால் என் பழைய ரவுட்டரை இணைத்து, கண்காணிப்புக் கேமராக்களையும் டிவியையும் அதற்கு மாற்றிவிட்டேன். அலுவலகக் கணினி முதல் ரவுட்டரிலேயே இருக்கிறது. இனி கேமராவால் கணினிக்கு ஆபத்தில்லை அல்லவா?

பதில்: ஆபத்து அப்படியே இருக்கிறது, நீங்கள் செய்திருப்பது தலைகீழான ஏற்பாடு. இரண்டாவது ரவுட்டரின் வேன் போர்ட்டை (இணையம் வரும் பக்கம்) முதல் ரவுட்டரின் லேன் போர்ட்டுடன் (வீட்டுக் கருவிகள் இணையும் பக்கம்) இணைக்கும்போது, இரண்டாவது ரவுட்டர் முதல் ரவுட்டரின் வலையமைப்பையே வெளியுலகமாகக் கருதுகிறது. வெளியிலிருந்து தானாக வரும் தொடர்பை அது மறுக்கும். ஆனால் தன் பக்கத்திலிருந்து வெளியே போகும் எதையும் வழக்கமாகத் தடுக்காது. அதாவது 192.168.2.20 என்ற முகவரியில் உள்ள கேமரா, 192.168.1.10 என்ற முகவரியில் உள்ள உங்கள் கணினியைத் தாராளமாகத் தேடிவர முடியும். கணினியால்தான் கேமராவை நெருங்க முடியாது. கதவு ஒருவழிக் கதவு என்பதால், நம்பிக்கைக்குரிய கருவிகள் இரண்டாவது ரவுட்டருக்குப் பின்னாலும், கேமரா, டிவி, விருந்தினர் கைபேசிகள் போன்றவை முதல் ரவுட்டரிலும் இருக்க வேண்டும். இன்னொன்று: இந்த அமைப்பில் காவல் நிற்பது உள்ளே இருக்கும் இரண்டாவது ரவுட்டர்தான். பாதுகாப்புப் புதுப்பிப்புகள் நின்றுபோன பழைய ரவுட்டரைப் பரணிலிருந்து எடுத்துத் தூசி தட்டி அந்த இடத்தில் வைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கேள்வி: இரண்டு ரவுட்டர்களுக்கும் 192.168.1.1 என்பதே முகவரி. இணைத்தவுடன் இரண்டாவதில் இணையம் வரவில்லை.

பதில்: வேன் பக்கமும் லேன் பக்கமும் ஒரே முகவரித் தொடராக இருந்தால், எந்தத் தரவுப் பொட்டலத்தை எந்தப் பக்கம் அனுப்புவது என்று ரவுட்டரால் முடிவு செய்ய இயலாது. சில ரவுட்டர்கள் இதைக் கண்டறிந்து தாமாகவே முகவரியை மாற்றிக்கொள்ளும். உங்களுடையது அவ்வாறு செய்யவில்லை. முதல் ரவுட்டரிலிருந்து வரும் கம்பியைக் கழற்றிவிட்டு, ஒரு கணினியை இரண்டாவது ரவுட்டரின் லேன் போர்ட்டில் நேரடியாக இணைத்து, அதன் லேன் முகவரியை 192.168.2.1 என்றும், சப்நெட் மாஸ்க்கை (முகவரித் தொடரின் அளவைக் குறிக்கும் எண்) 255.255.255.0 என்றும் அமையுங்கள். சேமித்த கணமே அமைப்புப் பக்கம் உறைந்து நிற்கும். பலர் இங்கேதான் பதறிப்போய் ரீசெட் பொத்தானை அழுத்துகிறார்கள். முகவரி மாறியதால் பழைய பக்கம் பதிலளிக்கவில்லை, அவ்வளவுதான். கணினியின் கம்பியை ஒருமுறை கழற்றிச் செருகினால் புதிய முகவரி கிடைக்கும், பிறகு 192.168.2.1 என்று தட்டி உள்ளே செல்லலாம். வீட்டு வலையமைப்புகளுக்கு 10, 172.16 முதல் 172.31 வரை, 192.168 என்று தொடங்கும் மூன்று தொடர்கள் 1996இலேயே ஒதுக்கப்பட்டுவிட்டதால், இடத்துக்குப் பஞ்சமில்லை.

கேள்வி: லேன் போர்ட்டிலிருந்து லேன் போர்ட்டுக்கு இணைத்தால் போதாதா? அப்படித்தான் உடனே வேலை செய்கிறது.

பதில்: வேலை செய்யும், ஆனால் பிரிவினை இருக்காது. இரண்டாவது ரவுட்டர் வெறும் வை-ஃபை நீட்டிப்பாகிவிடும். இரண்டிலும் டிஎச்சிபி (கருவிகளுக்குத் தானாக முகவரி தரும் வசதி) இயங்கினால் முகவரி வழங்குவதில் குழப்பமும் சேரும்.

கேள்வி: பிரிண்டரை எந்தப் பக்கம் வைப்பது?

பதில்: விருந்தினரும் அச்சிட வேண்டுமானால் முதல் ரவுட்டரில் வையுங்கள். உள்ளே இருக்கும் கணினியால் அதை அடைய முடியும். ஆனால் பிரிண்டரைத் தானாகக் கண்டுபிடிக்கும் அறிவிப்புகள் ரவுட்டரைத் தாண்டுவதில்லை என்பதால் பட்டியலில் அது தோன்றாது. முதல் ரவுட்டரில் பிரிண்டருக்கு நிலையான முகவரி ஒன்றை ஒதுக்கி, கணினியில் அந்த முகவரியைக் கையால் உள்ளிட வேண்டும். கைபேசியிலிருந்து டிவிக்குப் படம் அனுப்புவதற்கும் இதே சிக்கல் உண்டு. அந்த நேரத்துக்கு மட்டும் கைபேசியை வெளி வை-ஃபைக்கு மாற்றுவதே எளிது.

கேள்வி: இரண்டாவது ரவுட்டருக்குப் பின்னால் இணைய விளையாட்டில் நண்பர்களுடன் சேர முடியவில்லை.

பதில்: வந்துபோகும் தரவின் முகவரியை ஒவ்வொரு ரவுட்டரும் மாற்றி எழுதும், அது இங்கே இரண்டு முறை நடப்பதால் வரும் தொல்லை இது. யுபிஎன்பி (விளையாட்டு கேட்கும் வழியைத் தானாகத் திறக்கும் வசதி) உள் ரவுட்டரில் மட்டும் வழி திறக்கும். வெளி ரவுட்டருக்கு அது தெரியாது. இரண்டிலும் தனித்தனியே, அமைப்புப் பக்கத்தில், விளையாட்டுக்கான போர்ட் (கம்பி செருகும் துளையல்ல, எண்ணிட்ட வழி) திறக்கலாம். விளையாட்டுக் கருவியை முதல் ரவுட்டருக்கே மாற்றுவதுதான் என் தேர்வு. அதில் வங்கிக் கணக்கா இருக்கப் போகிறது?

கேள்வி: இணைய வேகம் 94 மெகாபிட்டுக்கு மேல் ஏறவில்லை.

பதில்: இரண்டாவது ரவுட்டரின் போர்ட்டுகள் 100 மெகாபிட் வகையைச் சேர்ந்தவையாக இருக்கலாம். கம்பியில் ஓர் இழை பழுதானாலும் இதே அளவில்தான் நிற்கும். முதலில் கம்பியை மாற்றிப் பாருங்கள்.

கேள்வி: ஐபிவி6 (புதிய இணைய முகவரி முறை) இயங்கினாலும் இந்தப் பிரிவினை நிலைக்குமா?

பதில்: நல்ல கேள்வி, பலரும் மறந்துவிடுவது. சில ரவுட்டர்களில் ஐபிவி6 "பாஸ்த்ரூ" என்ற அமைப்பு உண்டு. அது இயங்கினால் ஐபிவி6 போக்குவரத்து உள் ரவுட்டரின் காவலைத் தாண்டி நேராக உள்ளே வந்துவிடக்கூடும். அதை அணைத்துவிடுங்கள், உள் ரவுட்டரின் ஐபிவி6 ஃபயர்வால் (தேவையற்ற தொடர்பைத் தடுக்கும் காவல்) இயங்குகிறதா என்றும் பாருங்கள்.

கேள்வி: சரியான வரிசையில் வைத்துவிட்டால் முழுப் பாதுகாப்புதானே?

பதில்: ஓர் ஓட்டை மிஞ்சுகிறது. உள்ளிருந்து இணையத்துக்குப் போகும் அனைத்தும் வெளி வலையமைப்பு வழியாகத்தான் செல்கிறது. அங்குள்ள தீய கருவி ஒன்று தன்னையே முதல் ரவுட்டர் என்று அறிவித்து அந்தப் போக்குவரத்தைத் தன் பக்கம் திருப்ப முடியும். மறைகுறியாக்கம் செய்யப்பட்டவற்றின் உள்ளடக்கத்தை அது படிக்க இயலாது. ஆனால் எந்தத் தளங்களுடன் பேசுகிறீர்கள் என்பதை அறியலாம். இதையும் அடைக்க, முதல் ரவுட்டரில் வேறெதையும் இணைக்காமல், அதன் இரு போர்ட்டுகளில் இரண்டு ரவுட்டர்களைப் பக்கவாட்டில் வைத்து, ஒன்றை நம்பிக்கைக்குரியவற்றுக்கும் மற்றொன்றை ஏனையவற்றுக்கும் தரலாம். விலேன் (ஒரே ரவுட்டருக்குள் வலையமைப்பைத் தனித்தனியாகப் பிரிப்பது) வசதியுள்ள ஒரே ரவுட்டர் இதைவிடச் செம்மையாகச் செய்யும். விருந்தினரை ஒதுக்குவது மட்டுமே நோக்கமென்றால், உங்கள் ரவுட்டரிலேயே இருக்கும் விருந்தினர் வை-ஃபை போதும்.

கேள்வி: எல்லாம் சரியாக அமைந்ததா என்று எப்படிச் சோதிப்பது?

பதில்: பிங் கட்டளையை (ஒரு கருவி பதிலளிக்கிறதா என்று பார்ப்பது) மட்டும் நம்பாதீர்கள், விண்டோஸ் கணினி பிங்குக்குப் பதிலளிக்காமல் இருப்பது அதன் சொந்த ஃபயர்வாலின் வேலையாகவும் இருக்கலாம். கைபேசியை முதல் ரவுட்டரின் வை-ஃபையில் இணைத்துக்கொண்டு, இரண்டாவது ரவுட்டரின் வேன் முகவரியை, எடுத்துக்காட்டாக 192.168.1.2 என்பதை, உலாவியில் தட்டுங்கள். உள்நுழைவுப் பக்கம் திறந்தால் தொலைநிலை நிர்வாகம் (வெளியிலிருந்தே ரவுட்டரின் அமைப்பை மாற்றும் வசதி) இயங்குகிறது என்று பொருள், உடனே அணையுங்கள். பிறகு கைபேசியை இரண்டாவது ரவுட்டருக்கு மாற்றி 192.168.1.1 என்று தட்டினால் முதல் ரவுட்டரின் பக்கம் திறக்கும். அது பிழையன்று, ஒருவழிக் கதவின் திறந்த பக்கம் அதுதான்.