மிஷன் ட்ரிப்ல ஒரு நாள் எப்படி போகும்?

வெளிநாட்டு மிஷன் ட்ரிப்னா நாள் முழுக்க ஜெபமும் பிரசங்கமும்தானான்னு கேட்டிருக்கீங்க. நான் நர்ஸா மெர்சி ஷிப்ஸ்ங்கிற கிறிஸ்தவ தொண்டு நிறுவனத்தோட குளோபல் மெர்சிங்கிற ஆஸ்பத்திரி கப்பல்ல, மேற்கு ஆப்பிரிக்காவுல இருக்குற சியரா லியோன் நாட்டோட ஃப்ரீடவுன் துறைமுகத்துல இருந்தேன், அதை வச்சு சொல்றேன். கப்பல் எங்கயும் சுத்தாது, மாசக்கணக்கா ஒரே இடத்துல கட்டி நிக்கும், உள்ள 6 ஆபரேஷன் தியேட்டர், ஆபரேஷனுக்கு நோயாளிகிட்ட காசு வாங்குறதில்ல. நமக்கும் சம்பளம் கிடையாது, தங்குறதுக்கு சாப்பாட்டுக்கு நாமதான் கட்டணும், எனக்கு எங்க சபையில சேர்த்து குடுத்தாங்க.

ஷிஃப்ட் மாறும்போது சின்னதா ஒரு ஜெபம், அப்புறம் ஊர்ல பாக்குற அதே வேலைதான், டிரெஸ்ஸிங், மருந்து, சார்ட். பெரிய வித்தியாசம் மொழி. அங்க கிரியோ பேசுவாங்க, "ஆவ் டி பாடி"ன்னா உடம்பு எப்படி இருக்குன்னு அர்த்தம், அதுக்கு "ஆ டெல் காட் டெங்கி", அதாவது கடவுளுக்கு நன்றி சொல்றேன்னு பதில் வரும். வளைஞ்ச கால நிமிர்த்தி ரெண்டு காலுலயும் மாவுக்கட்டு போட்ட ஒரு பையன், வலியில கண்ணு கலங்கி இருக்கும்போதும் என் விரலப் புடிச்சிட்டு அதையேதான் சொன்னான், எனக்கு தொண்டை அடைச்சிருச்சு. ராத்திரி பங்க் பெட்ல படுத்தா வீட்டு நெனப்பு வரும், ரசம் சோறுக்கு ஏங்கும், முதல் ரெண்டு வாரம் ரொம்ப கஷ்டம்ங்க. நர்ஸ் மட்டும் இல்ல, சமையல், எலெக்ட்ரீஷியன், டீச்சர்னு எல்லா வேலைக்கும் ஆள் எடுக்குறாங்க, விருப்பம் இருந்தா தைரியமா அப்ளை பண்ணுங்க.